நானூறு மடங்குச் செடி

வெள்ளைத்துரை வீட்டைவிட்டுக் கடைசியாகக் கிளம்பிய காலையில் செய்த காரியம், பின்வாசலில் பழைய பெயிண்ட் வாளிக்குள் நின்ற செடியிலிருந்து ஓர் இலையை ஒடித்ததுதான்.

சும்மா ஒடிக்கவில்லை. நாலைந்து இலைகளைப் புரட்டினார். ஒன்றை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கடைசியில் இடுப்பு உயரத்தில் இருந்த ஒன்றைக் காம்போடு ஒடித்தார். ஒடித்த இடத்தில் பால் துளிர்த்தது.

"பூச்சி கடிச்ச இலையப் போயி ஒடிக்கீகளே. பக்கத்துலயே நல்லது இருக்கு" என்றாள் பொன்னுத்தங்கம், அடுப்படியிலிருந்து.

"இதுதான் விரல் விரலா ஒழுங்கா விரிஞ்சிருக்கு."

"எதுக்கு அது?"

"ஒரு சோலி இருக்கு. சாயங்காலம் வந்து சொல்றேன்."

இலையை டைரிக்குள் வைத்து மூடினார். டைரியைப் பைக்குள் வைத்தார். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வந்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

அது என்ன செடி என்று பொன்னுத்தங்கத்துக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு சாண் குச்சியாகக் கொண்டுவந்து வாளியில் நட்டார். கேட்டதற்கு, "வளரட்டும், ஒருநாள் நீயே தெரிஞ்சுக்கிடுவ" என்று சிரித்தார். அவ்வளவுதான். அவர் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். காலை ஏழு மணிக்கு அந்த வாளிக்கு ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. தான் காப்பி குடிப்பதற்கு முன்னால் அதற்கு ஊற்றிவிடுவாள்.

முப்பத்தாறாம் நாள் அச்சகத்திலிருந்து ஓவியா போன் பண்ணினாள். டிசைன் பிரிவில் வெள்ளைத்துரைக்கு அடுத்த மேசைக்காரி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து சிவகாசிக்கு வாக்கப்பட்டு வந்தவள்.

"அண்ணாச்சியோட கண்ணாடியும் தூக்குச்சட்டியும் டைரியும் இங்கனயே கிடக்குக்கா. காலண்டர் ஆர்டர் தலைக்கு மேல நிக்கு. வேல ஓய்ஞ்சதும் நானே ஒரு எட்டு கொண்டாந்து தாரேன்."

"மெதுவா வா தாயி. இனி அவுகளுக்கு என்ன அவசரம்" என்றாள் பொன்னுத்தங்கம்.

அதற்கு மறுநாள்தான் தெருமுனையில் மைக் கட்டினார்கள்.

பேசியவர் ராஜபாண்டியன். கட்சியின் நகரச் செயலாளர். பட்டாசுக் கடையும் வைத்திருப்பவர். கஞ்சா ஒழிப்பு மாதம் என்று அவரே அறிவித்து, அவரே தொடங்கி வைத்தார்.

"இது நம்ம தாத்தா காலத்துக் கஞ்சா இல்ல பெரியோர்களே. பத்து மடங்கு வீரியம்" என்றார் காலையில்.

டீ குடித்துவிட்டு வந்து நாற்பது மடங்கு என்றார். பொழுது சாய்வதற்குள் நானூறு ஆகிவிட்டது. ஓர் இலை நூறு குவாட்டருக்குச் சமம் என்றார். அந்த இலை இருக்கும் திசையில் யானையைத் திருப்பி நிறுத்தினால் யானை படுத்துவிடும் என்றார்.

பக்கத்து வீட்டுச் சங்கரபாண்டியன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொகையில் தப்பு வந்தால் அவருக்குத் தாங்காது. கூட்டம் முடிந்ததும் நேரே போய்க் கேட்டார்.

"காலைல பத்துன்னீகளே தம்பி?"

"அண்ணே, நீங்க இந்த ஊருதானா? சரவெடி அட்டையில ஆயிரம்னு போட்டாத்தான் சனம் ஐநூறாவது இருக்கும்னு நம்பும். பத்துன்னு சொன்னா அஞ்சுன்னு எடுத்துக்கிடும். அஞ்சு மடங்குக்கு எவன் பயப்படுவான்?"

சங்கரபாண்டியனுக்கு அது நியாயமாகப் பட்டது. இந்த ஊரில் அட்டையைப் பிரித்து எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லை.

அடுத்த நாள் காலையில் பொன்னுத்தங்கம் பால் வாங்க வெளியே வந்தபோது, அவள் வீட்டுச் சுற்றுச்சுவரிலேயே போஸ்டர் ஒட்டியிருந்தது. பச்சைப் பசேலென்று ஒரே ஓர் இலை, ஆள் உயரத்துக்கு. மேலே கொட்டை எழுத்து: 'இதுதான் கஞ்சா! இந்த இலையைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பீர்! மூச்சை அடக்குவீர்! தகவல் தருவீர்!'

எந்தப் போஸ்டரைக் கண்டாலும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரை முதலில் படிப்பது அவளுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். குனிந்தாள். அடி இல்லை. எதிர்வீட்டு மாடத்தியின் ஆடு, மைதாப் பசையின் ருசிக்கு அடியிலிருந்து ஒரு முழம் தின்றுவிட்டு, மீதியைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தவள் இலையைப் பார்த்தாள். ஏழு விரல். நடுவிரல் நீளம். ஓர் ஓரத்தில் பூச்சி கடித்த ஓட்டை.

பால் வாங்காமல் வீட்டுக்குள் போனாள். பின்வாசலுக்கு வந்தாள். வாளியைப் பார்த்தாள். ஏழு விரல். நடுவிரல் நீளம். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

சோலி இருக்கு என்றாரே, இதுதானா? இப்போது யோசித்தால் எல்லாமே பொருத்தமாக இருந்தது. சனிக்கிழமைகளில் சும்மாவே சிரிப்பார். ஒரு தடவை முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பேர் கேட்டதற்கு, நீயே தெரிஞ்சுக்கிடுவ என்றார். தெரிந்துகொண்டாயிற்று.

பிடுங்கித் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டால் தீர்ந்தது. எழுந்து தண்டைப் பிடித்தாள். பிடித்த கைக்கு நேர் மேலே, அவர் இலையை ஒடித்த இடம் தெரிந்தது. பால் காய்ந்து, சட்டைப் பொத்தானைப்போல் சின்னதாகக் கறுத்திருந்தது. கையை எடுத்துவிட்டாள்.

அதனால் ஒளித்து வைத்தாள். குளியலறைக்குள் வாளியை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்து பார்த்தால், காற்று வருகிற துவாரம் வழியாக மூன்று இலைகள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே போய் வெள்ளைத்துரையின் கோடு போட்ட சட்டையைச் செடிக்கு மாட்டினாள். பொத்தானும் போட்டாள். அப்படியும் உச்சி தெரிந்தது. துண்டை எடுத்துத் தலைக்குச் சுற்றிவிட்டாள். இனி எவனுக்கும் செடி தெரியாது என்று நிம்மதியாக வந்து படுத்தாள்.

எவனுக்கும் செடி தெரியவில்லை என்பது உண்மைதான்.

மறுநாள் காலையில் சங்கரபாண்டியன் வந்தார். உட்காரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இன்னும் நாப்பது நாளு ஆகல."

"எதுக்குண்ணே?"

"உன் குளியலறையில ஒரு ஆளு நிக்கான். எங்க மச்சுல இருந்து பாத்தா நல்லாத் தெரியுது. நேத்து மத்தியானத்துல இருந்து நிக்கான்."

"அப்படி யாரும் இல்லண்ணே."

"கோடு போட்ட சட்டை. தலையில துண்டு. நான் ரெண்டு தடவை இருமினேன். திரும்பிக்கூடப் பாக்கல. அம்புட்டுத் திமிரு."

பொன்னுத்தங்கம் யோசித்தாள். ஆள் என்றால் அவள் மானம் போகும். செடி என்றால் அவர் மானம் போகும். அவளுக்காவது வாய் இருக்கிறது, நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். போனவர் எழுந்துவந்து எதைச் சொல்ல முடியும்? ஆள்தான் என்று ஒப்புக்கொண்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அதற்குள் சங்கரபாண்டியன் போய்க் கதவைத் திறந்து, "ஏலே, வெளிய வாலே" என்று சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

சட்டை கையோடு வந்தது. செடி நின்றது.

அவர் தெருவுக்குப் போனார். போஸ்டரைப் பார்த்தார். திரும்பி வந்து செடியைப் பார்த்தார். சட்டத்தை மதிக்கிறவர் என்பதால் பத்தடி தள்ளி நின்று, போஸ்டரில் சொன்னபடியே மூச்சை அடக்கினார். அரை நிமிஷம் ஆயிற்று. முகம் சிவந்தது. முக்கால் நிமிஷம் ஆயிற்று. கண் பிதுங்கியது. ஒரு நிமிஷத்தில் சுவரோடு சாய்ந்து சரிந்தார்.

"தலை சுத்துது தங்கச்சி. ஏறிருச்சு."

"மூச்ச விடுங்கண்ணே."

"விட்டுட்டேன். அதுக்குள்ள ஏறிருச்சு." சற்று நேரம் கண்ணை மூடி இருந்தவர், காலை நீட்டினார், மடக்கினார். "எங்க முழங்கால் வலியக் காணோம்? பதினோரு வருச வலி."

"தெனமும் நான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துறேன். எனக்கு ஒண்ணும் செய்யலையேண்ணே."

"உனக்குப் பழகிருச்சு. முத்திப்போன கேஸு நீ" என்றார் பரிவோடு.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார். ஆறு பேரிடம்தான் சொன்னார். அந்த ஆறு பேரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

மத்தியானத்துக்குள் பின்வாசலில் வரிசை நின்றது. ராஜபாண்டியனின் பேச்சைக் கேட்டுப் பயந்தவர்களும் அவர்கள்தான், இடுப்பு வலியோடு வந்தவர்களும் அவர்கள்தான். ஒவ்வொருவராகப் பத்தடி தள்ளி நின்று மூச்சை அடக்கினார்கள். ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். மாடத்தி தன் மாமியாரையே பார்த்துவிட்டாள்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாக்கா. உசுரோட இருந்தவரைக்கும் கேக்காத பொம்பள" என்று மூக்கைச் சிந்தினாள்.

"எல்லாரும் மூச்ச அடக்காம நின்னு பாருங்க. ஒண்ணும் ஆகாது" என்று பொன்னுத்தங்கம் கெஞ்சிப் பார்த்தாள்.

"நீ சும்மா இரு அக்கா. அந்தப் போஸ்டரத் தின்னுட்டு எங்க ஆடு நாலு மணி நேரம் எந்திரிக்கல தெரியுமா? படத்துக்கே அம்புட்டுன்னா, செடிக்கு எம்புட்டு?"

ஆடு தினமும் மத்தியானம் தூங்குகிற ஆடுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வரிசை கலையவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு ராஜபாண்டியனே வந்துவிட்டார். மூக்கோடு சேர்த்துக் கட்டிய துண்டு, போனில் படம் எடுக்க இரண்டு கட்சிக்காரர்கள். வருகிற வழியில் சுவரிலிருந்த போஸ்டரை, ஆடு விட்டுவைத்த மட்டும், உரித்துக்கொண்டு வந்திருந்தார்.

வாளியைக் குளியலறையிலிருந்து பின்வாசல் நடுவுக்குத் தூக்கிவந்து வைக்கச் சொன்னார். தூக்குவதற்கு யாரும் முன்வரவில்லை. பொன்னுத்தங்கமே இழுத்துவந்து வைத்தாள்.

ராஜபாண்டியன் போஸ்டரைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்தார். கூட்டம் 'ஸ்ஸ்' என்றது. விரலுக்கு விரல், நரம்புக்கு நரம்பு அப்படியே இருந்தது.

"அச்சு அசல். பாத்துக்கோங்க" என்று போனைப் பார்த்துச் சொன்னார். "இந்த ஓட்டையப் பாருங்க. பூச்சி ஒரு வாய் கடிச்சிருக்கு. ரெண்டாவது வாய்க்கு உசுரு இல்ல."

"நம்ம ஊருல மட்டுந்தானா தம்பி?" என்றார் சங்கரபாண்டியன்.

"நல்லாக் கேட்டீக. மூணு மாவட்டத்துல இந்தப் போஸ்டர ஒட்டியிருக்கோம். போனு மேல போனு. தெக்க போகப் போக மோசம்ணே. கன்னியாகுமரிப் பக்கம் ஏக்கர் கணக்குல போட்டிருக்கானுகளாம். வேலிகூட இல்லையாம். பொம்பளைக பிள்ளைகள இடுப்புல வச்சுக்கிட்டு அதுக்குள்ள நடக்காகளாம்."

கூட்டம் நெஞ்சில் கைவைத்தது.

"சரி, இத எரிச்சிருவோம்" என்றார் ஒரு கட்சிக்காரர்.

"எரிச்சா புகை வருமேலே. நானூறு மடங்கு. மூணு தெரு கிறங்கிப் போகும்" என்றார் ராஜபாண்டியன்.

"பொதைச்சிருவோமா?"

"போர் தண்ணியில எறங்கிரும்."

"வெட்டிச் சாக்கடையில..."

"சாக்கடை கண்மாய்க்குப் போகுது. கண்மாயில மாடு குடிக்கும். மாட்டுப்பால்ல நீ காப்பி குடிப்ப."

நானூறு மடங்கை என்ன செய்வது என்று நகரச் செயலாளருக்கே தெரியவில்லை. பத்து மடங்கோடு நிறுத்தியிருந்தால் எரித்திருக்கலாம்.

"செடிய நாளைக்குப் பாத்துக்கிடுவோம்" என்றார் கடைசியில். "ஆனா காலைல மைக்குல பேரச் சொல்லியாகணும் மதினி. எனக்கும் சங்கடந்தான். என் கடை லேபிளுக்கெல்லாம் படம் போட்டுக் குடுத்த மனுசன். கஞ்சா வெள்ளைத்துரைன்னு சொல்ல எனக்கே நாக்கு கூசுது."

"அவரு அப்பவே அப்படித்தான்" என்றார் சங்கரபாண்டியன், நாக்கு கூசாமல். "ராக்கெட் பெட்டியில நிலாப் படம் இருக்குல்ல? அது நிலா இல்லையாம், பொரிச்ச அப்பளமாம். அவரே சொல்லிச் சிரிச்சாரு. அப்பளத்தக் காட்டி ஊரையே ஏமாத்துன ஆளு, எதத்தான் செய்யமாட்டாரு?"

பொன்னுத்தங்கம் அதுவரைக்கும் அழாமல்தான் இருந்தாள். இப்போதும் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஆமா. அவுகதான் நட்டாக. அவுகதான் இலைய ஒடிச்சுட்டுப் போனாக. குடிச்சாகளோ தின்னாகளோ எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருசத்துல என்னைய ஒரு சொல்லு ஏசினதில்ல. கை ஓங்கினதில்ல. சோத்துல உப்பு இல்லேன்னா எந்திரிச்சுப் போயி அவுகளே எடுத்துப் போட்டுக்கிடுவாக. இதெல்லாம் கஞ்சாவுனாலதான்னா, இந்தத் தெருவுல வீட்டுக்கு ஒரு வாளி வைங்க."

வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் புருஷன்மாரை ஒரு பார்வை பார்த்தார்கள். புருஷன்மார் செடியைப் பார்த்தார்கள்.

"அதுக்கில்ல மதினி, நானூறு மடங்கு..."

"எண்ணிப் பாத்தீகளா?"

ராஜபாண்டியன் துண்டை மூக்கிலிருந்து கீழே இறக்கினார். அவர் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் யாரும் கேட்டிராத கேள்வி அது. அப்பளத்தைப் பற்றிப் பேசிய சங்கரபாண்டியனும் தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது வாசலில் ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒரு கையில் தூக்குச்சட்டியும் மறு கையில் டைரியும் கண்ணாடிக்கூடுமாக ஓவியா பின்வாசலுக்கு வந்தாள். இத்தனை பேரைப் பார்த்ததும் ஏதோ காரியம் நடக்கிறதாக்கும் என்று தயங்கி நின்றாள். பிறகு கூட்டத்துக்கு நடுவில் நின்ற வாளியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. விறுவிறுவென்று போய், பத்தடிக்கு உள்ளே போய், ஓர் இலையைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"நான் எங்க அம்மா வீட்டுல இருந்து கொண்டாந்து குடுத்த மரவள்ளிக்கிழங்குக் குச்சியாக்கா இது, இம்புட்டு வளந்திருக்கு? கஞ்சா போஸ்டர் ஆர்டருக்கு நெட்ல எடுத்த படம் பெருசாக்குனா புள்ளி புள்ளியா உடையுதுன்னு, அண்ணாச்சி இதுல இருந்துதான் ஒரு இலைய ஒடிச்சுட்டு வந்து ஸ்கேன் பண்ணிக் குடுத்தாக."

செடி அவர் போன பிறகு ஒரு சாண் வளர்ந்திருந்தது. அவர் ஒடித்த இடம் மட்டும் அதே இடுப்பு உயரத்தில்தான் இருந்தது.